பிறவித் தோல் நோய் உள்ள கைக்குழந்தையின் கண்: வடசென்னைப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

தோல் கோளாறோடு ஒரு குழந்தை பிறந்துவிட்டால், பார்க்க வருகிறவர்கள் எல்லோருடைய கவனமும் தோல் மேலேயே இருக்கும். கண்ணைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். நான் தண்டையார்பேட்டையில் கண் பரிசோதனை செய்கிற ஆப்டோமெட்ரிஸ்ட். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி, திருவொற்றியூர் பக்கத்திலிருந்து வருகிற பெற்றோர் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைக்கிறேன். எந்த மருந்து, எத்தனை சொட்டு என்பதெல்லாம் இதில் இருக்காது, அது உங்கள் டாக்டர் எழுதித் தர வேண்டியது.

நோய் தோலில்தானே, கண் டாக்டரிடம் எதற்குப் போக வேண்டும்?

கருவில் தோல் எந்த அடுக்கிலிருந்து உருவாகிறதோ, அதே அடுக்கிலிருந்துதான் இமையின் தோல், இமை ஓரத்தில் இருக்கிற எண்ணெய்ச் சுரப்பிகள், கருவிழியின் மேல்பரப்பு, உள்ளே இருக்கிற லென்ஸ் எல்லாம் உருவாகின்றன. விழித்திரையும் அதே அடுக்கின் இன்னொரு கிளைதான். அதனால் பிறவியிலேயே தோலைப் பாதிக்கிற பல மரபணுக் கோளாறுகள் கண்ணையும் விட்டுவைப்பதில்லை.

இன்னொன்று இருக்கிறது, இதைத்தான் நான் எல்லோரிடமும் சொல்வது. தோலுக்கு வைத்தியம் பார்க்க வருஷக்கணக்கில் நேரம் இருக்கிறது, கண்ணுக்கு இல்லை. பிறந்த குழந்தைக்குச் சரியாகப் பார்க்கத் தெரியாது. முதல் சில மாதங்களில் கண் அனுப்புகிற படத்தை வைத்துத்தான் மூளை பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அந்த நேரத்தில் கருவிழி மங்கலாகவோ இமை மூடியோ இருந்தால், பின்னாளில் கண்ணைச் சரிசெய்தாலும் பார்வை முழுசாகத் திரும்பாமல் போகலாம். ‘முதல்ல தோல் ஆறட்டும், அப்புறம் கண்ணைப் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போடுகிற வீடுகளைப் பார்த்தால் எனக்குப் பகீரென்று இருக்கும்.

குழந்தை பிளாஸ்டிக் கவர் சுற்றின மாதிரி பளபளவென்று பிறந்தது. இமை வெளியே புரண்டு சிவப்பாகத் தெரிகிறது. கண் போய்விட்டதா?

இல்லை, பெரும்பாலும் போயிருக்காது. இப்படிப் பிறக்கிற குழந்தையை டாக்டர்கள் ‘கொலோடியன் பேபி’ என்பார்கள். உடம்பு முழுக்க ஒரு இறுக்கமான சவ்வு இருக்கும், அது முகத்துத் தோலை இழுப்பதால் இமை வெளிப்பக்கமாகப் புரண்டுவிடும், உதடும் விரிந்து நிற்கும். நீங்கள் பார்க்கிற அந்தச் சிவப்புச் சதை இமையின் உட்பக்கம்தான். பெற்றோர் அதைப் பார்த்து, கண்ணே இல்லை என்று நினைத்து அழுவதுண்டு. பின்னால் கண் இருக்கும், பெரும்பாலும் நன்றாகவே இருக்கும்.

சவ்வு பொதுவாக 2 முதல் 4 வாரத்தில் உரிந்துவிடும், உரிய உரிய இமையும் மெல்லத் தன் இடத்துக்கு வரும். சில குழந்தைகளுக்குத் தோல் கிட்டத்தட்ட சாதாரணமாகவே ஆகிவிடுகிறது. பலருக்கு அடியில் ‘இச்தியோசிஸ்’ என்கிற செதில் தோல் நோய் இருக்கும், அது வாழ்நாள் முழுக்கக் கூடவே வரும். இவற்றிலேயே மிகக் கடுமையான ‘ஹார்லிக்வின்’ வகையில் தோல் தடித்துப் பாளம் பாளமாக வெடித்திருக்கும், இமை முழுசாக வெளியே புரண்டிருக்கும். அந்தக் குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே கண் டாக்டர் கூட இருக்க வேண்டும்.

இமை மூடாததால் கருவிழி காய்கிறது என்பதுதான் ஆபத்து. காய்ந்தால் புண், புண்ணில் கிருமி சேர்ந்தால் தழும்பு, தழும்பு நடுவில் விழுந்தால் பார்வை போச்சு. இவ்வளவையும் தடுக்கிற வேலையைக் கண்ணை ஈரமாக வைக்கிற ஜெல்லும் களிம்பும் செய்கின்றன, அடிக்கடி போட வேண்டும் என்பது ஒன்றுதான் தொல்லை. இன்குபேட்டரில் ஈரப்பதத்தைக் கூட்டி வைப்பது தோலுக்கும் கண்ணுக்கும் சேர்த்துத்தான், ‘கண்ணாடிப் பெட்டியில எதுக்கு இவ்வளவு நாள்’ என்று அங்கே சண்டை போடாதீர்கள்.

ஆபரேஷன் செய்து இமையைச் சரிபண்ணலாமே என்று கேட்பார்கள். தோலை மிருதுவாக வைத்தாலே பல குழந்தைகளுக்கு இமை இறங்கிவிடும் என்பதால் முதல் மாதங்களில் யாரும் அவசரப்பட மாட்டார்கள். கருவிழிக்கு ஆபத்து என்றால் செய்வார்கள். ஆனால் ஒட்டுப்போட எடுக்கிற தோலிலும் அதே நோய் இருப்பதால் மறுபடி சுருங்க வாய்ப்பு உண்டு. தொடையிலோ கையிலோ டாக்டர் எழுதிக் கொடுத்ததைத் தடவும்போது, இமைக்கு மேலும் கீழும் கன்னத்திலும் தடவ மறக்காதீர்கள். கன்னத்துத் தோல் இளகினால்தான் கீழிமை மேலே வரும். பலர் முகத்தை விட்டுவிடுகிறார்கள், கண்ணில் பட்டுவிடுமோ என்று பயந்து.

களிம்பைச் சரியாகப் போடுவது எப்படி? குழந்தை கண்ணையே திறப்பதில்லை.

கையை சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, குழந்தையை மடியில் தலை உங்கள் பக்கமாக இருக்கும்படி படுக்க வையுங்கள். பாலூட்டி முடித்த தூக்கக் கலக்கம் நல்ல நேரம். கன்னத்தில் ஆள்காட்டி விரலை வைத்து லேசாகக் கீழே இறக்கினால் கீழிமைக்கும் கண்ணுக்கும் நடுவே ஒரு சின்னப் பள்ளம் தெரியும், களிம்பு அங்கேதான் போக வேண்டும், ஒரு அரிசி நீளம் போதும். ட்யூப் நுனி கண்ணிலோ இமையிலோ படக் கூடாது. சொட்டு மருந்து என்றால், மூடின கண்ணின் மூக்கோரத்து மூலையில் விட்டுக் காத்திருங்கள், குழந்தை கண்ணைத் திறக்கும்போது தானாக உள்ளே போய்விடும். இரண்டும் போட வேண்டுமென்றால் முதலில் சொட்டு, சில நிமிஷம் கழித்துக் களிம்பு.

ராத்திரி குழந்தை தூங்கினதும் செல்போன் டார்ச்சைச் சுவர்ப் பக்கம் திருப்பி அடித்து, அந்த மங்கின வெளிச்சத்தில் பாருங்கள். இமைகளுக்கு நடுவே வெள்ளையாக ஒரு கோடு தெரிகிறதா? தெரிந்தால் கண் முழுக்க மூடவில்லை என்று அர்த்தம், அதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் இன்னும் நல்லது, ஓபியில் குழந்தை அழுதுகொண்டிருக்கும்போது இதெல்லாம் தெரியாது.

ஃபேன் காற்றும் ஏசி காற்றும் முகத்தில் நேராக அடிக்கக் கூடாது. தூளி கட்டுகிற கொக்கி பெரும்பாலும் ஃபேனுக்குப் பக்கத்தில்தான் இருக்கும், கவனியுங்கள். அதற்காக ஃபேனை அணைத்துவிடவும் கூடாது, செதில் தோல் இருக்கிற குழந்தைக்குச் சரியாக வியர்க்காது, கத்திரி வெயிலில் உடம்புச் சூடு சட்டென்று ஏறிவிடும். காற்றைச் சுவரில் பட்டுத் திரும்பும்படி வையுங்கள்.

செதில் தோல் நோய் எல்லாவற்றிலும் கண் கெடுமா?

கெடாது. ஆண் பிள்ளைகளுக்கு மட்டும் பெரும்பாலும் வருகிற ஒரு வகை இருக்கிறது, அம்மா வழியாக வருவது. தாய்மாமனுக்கும் அதே மாதிரி பழுப்புச் செதில் இருக்கும், பிரசவ வலி தானாக வராமல் தள்ளிப்போன கதையும் பல வீடுகளில் உண்டு. அதில் வயது ஏற ஏறக் கருவிழியில் பொடிப் புள்ளிகள் விழலாம், பார்வையை அவை ஒன்றும் செய்யாது. நிம்மதியாக இருங்கள்.

வேறு சில வகைகள் அப்படி இல்லை. தோல் தடிப்பு, காது கேளாமை, கருவிழி வீக்கம் மூன்றும் சேர்ந்து வருகிற ஒன்று உண்டு, அதில் கருவிழிக்குள் ரத்தக் குழாய்கள் ஊர்ந்து வந்து பார்வையை மறைக்கும். அதனால் செதில் தோலோடு பிறந்த குழந்தைக்குக் கண்ணோடு காதையும் சேர்த்துப் பாருங்கள், ‘பெரா’ என்கிற பரிசோதனை தூங்குகிற குழந்தைக்கே செய்யலாம். செதிலோடு கால் விறைப்பும் வளர்ச்சி மந்தமும் இருந்தால் ‘ஷோகிரென் லார்சன்’ என்ற நோயைச் சந்தேகிப்பார்கள், அதில் விழித்திரை நடுவில் மின்னுகிற வெள்ளைப் புள்ளிகள் தெரியும்.

பெண் குழந்தை. பிறந்த சில நாளில் காலில் கோடு கோடாகக் கொப்புளம் வந்தது. அம்மை என்றார்கள். இப்போது கொப்புளம் போய்விட்டது, விட்டுவிடலாமா?

விடாதீர்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

‘இன்கான்டினென்ஷியா பிக்மென்டி’ என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட ஒரு நோய். பெரும்பாலும் பெண் குழந்தைகளுக்குத்தான் வரும், ஏனென்றால் இந்த மரபணுக் கோளாறு உள்ள ஆண் கரு பொதுவாகத் தங்குவதில்லை. முதலில் கொப்புளங்கள் வரிசையாக வரும், கையிலும் காலிலும் நீளவாக்கில், உடம்பில் சுழி சுழியாக. பிறகு அதே இடம் மருப்போல் தடிக்கும். அப்புறம் சாம்பல் கலந்த பழுப்பில் கோடும் சுழியுமாக நிறம் ஏறும், அதுவும் வருஷங்கள் போகப் போக வெளுத்துவிடும். அதாவது தோல் தானாகவே ஆறிக்கொண்டு போகிறது. வீட்டில் மாரியாத்தாளுக்கு வேப்பிலை வைத்தார்கள், குணமாகிவிட்டது என்று எல்லோரும் நம்புவதில் ஆச்சரியம் இல்லை.

ஆனால் அதே மாதங்களில் உள்ளே விழித்திரையின் ஓரத்தில் ரத்தக் குழாய்கள் அடைபடலாம். ரத்தம் கிடைக்காத இடத்தில் புதுக் குழாய்கள் கண்டபடி முளைத்து, விழித்திரையை இழுத்துப் பிய்த்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் பளிச்சென்று இருக்கும், சிவப்பு இல்லை, நீர் வடியாது. ஒரு கண்ணில் மட்டும் நடந்தால் குழந்தை மற்றக் கண்ணால் சிரித்து விளையாடிக்கொண்டிருக்கும், யாருக்கும் தெரியாது. சரியான நேரத்தில் பார்த்தால் அந்த ரத்தம் போகாத ஓரத்தை லேசரால் சுட்டு நிறுத்த முடியும். விழித்திரை பிய்ந்தபின் ஆபரேஷன் செய்தாலும் பலன் நிச்சயமில்லை.

அதனால் நோய் சந்தேகம் வந்த அன்றே விழித்திரை பார்க்க வேண்டும். பிறகு முதல் சில மாதங்கள் மாதம் ஒருமுறை, ஒரு வயதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அப்புறம் இடைவெளி கூட்டி என்று பொதுவாகச் சொல்வார்கள், உங்கள் குழந்தைக்கு டாக்டர் சொல்கிற தேதிதான் கணக்கு. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரை பார்க்கிற டாக்டர்கள் இதையும் பார்ப்பார்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் ‘குறைமாசக் குழந்தைக்குக் கண் பார்க்கிற இடம் எது’ என்று கேளுங்கள், யாராவது கை காட்டுவார்கள். இழுப்பு, அதாவது வலிப்பு, வந்தால் அன்றே குழந்தைகள் ஆஸ்பத்திரி. இந்த நோய் மூளையையும் தொடும்.

அம்மாவுக்கும் இதே நோய் லேசாக இருக்கலாம். பல் குறைவாகவோ கூம்பாகவோ இருக்கிறதா, கெண்டைக்காலில் வெளுத்த கோடுகள் இருக்கின்றனவா, உச்சந்தலையில் முடி இல்லாத திட்டு உண்டா என்று டாக்டர் கேட்டால் சங்கடப்படாமல் சொல்லுங்கள், அதிலிருந்தே பாதி விஷயம் பிடிபட்டுவிடும்.

நெற்றியிலும் இமையிலும் ஒயின் நிறத்தில் சிவப்புத் திட்டு. கிரகணத்தில் வெளியே வந்ததால் என்கிறார் மாமியார்.

கிரகணத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மருமகளுக்கும் சம்பந்தமில்லை. கரு வளரும்போது சில செல்களில் மட்டும் தற்செயலாக ஏற்படுகிற மரபணு மாற்றம் இது, 2013-ல் கண்டுபிடித்தார்கள். பரம்பரையாக வருவதில்லை. திட்டு நெற்றியிலோ மேலிமையிலோ இருந்தால் ‘ஸ்டர்ஜ் வெபர்’ நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், அதில் மூளையும் கண்ணும் சேரும். கண்ணில் வருவது க்ளாக்கோமா, கண்ணுக்குள் நீர் அழுத்தம் ஏறுவது.

கைக்குழந்தைக்கு அழுத்தம் ஏறினால் கண்ணே பெரிதாகிவிடும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். ‘என்னா அழகா பெரிய கண்ணு’ என்று கொஞ்சிக் கொஞ்சியே மாதங்கள் போய்விடும். பிறந்த குழந்தையின் கருவிழி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் அகலம். ஒரு வயதுக்குள் 12-க்கு மேல் போனால் சந்தேகப்பட வேண்டும். ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாக இருந்தாலோ, வெளிச்சத்தில் கண்ணை இறுக்கி மூடினாலோ, நீர் வடிந்தாலோ, கருவிழி நீலம் பாய்ந்து மங்கினாலோ அந்த வாரமே காட்டுங்கள். முதல் பரிசோதனையில் அழுத்தம் சரியாக இருந்தாலும் பின்னாளில் ஏறலாம், ஆகவே பெரியவர்களான பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

பிறந்து சில வாரம் கழித்து இமையில் சிவப்பாகப் புடைத்து வளர்கிற ரத்தக்கட்டி வேறு. அது அரிதானதும் இல்லை. ஆனால் கண்ணை மறைத்தால் பார்வை மந்தமாகும். 2008-ல் ப்ரொப்ரனலால் என்ற பழைய இதய மருந்து இதற்குக் கேட்கும் என்று தெரியவந்ததிலிருந்து நிறையக் குழந்தைகளுக்குக் கத்தி வைக்காமலே சுருங்கிவிடுகிறது.

தொட்டாலே தோல் உரிகிறது. காலையில் திடீரென்று கண்ணைத் திறக்காமல் அலறுகிறான்.

‘எபிடெர்மோலைசிஸ் புல்லோசா’ என்ற இந்தக் கொப்புள நோயில், சில வகைகளில், கருவிழியின் மேல் சவ்வும் தோல் மாதிரியே லேசில் உரியும். ராத்திரி கண் காய்ந்து இமையோடு ஒட்டி, காலையில் திறக்கும்போது பிய்கிறது. வலி சாதாரணம் இல்லை. படுக்கும் முன் கெட்டியான களிம்பு, பகலில் பதனப்பொருள் சேர்க்காத கண்ணீர்ச் சொட்டு, இவைதான் தடுப்பு. கண்ணின் மேல் பஞ்சு வைத்து பிளாஸ்திரி ஒட்டவே கூடாது. எடுக்கும்போது முகத்துத் தோலே கூட வரும். எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் ‘டேப் ஒட்டாதீங்க, கண்ணைத் திறக்க விரலால அழுத்தாதீங்க’ என்று முதலில் சொல்லுங்கள், அங்கே எல்லோருக்கும் இந்த நோய் தெரிந்திருக்காது. தூளித் துணியின் தையல் ஓரம் முகத்தில் உரசாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவில் 2023-ல் இந்த நோயின் ஒரு வகைக்குத் தோலில் தடவுகிற மரபணு ஜெல் அனுமதி பெற்றது, அதே மருந்தைச் சொட்டாகப் போட்டு ஒரு பையனுக்குப் பார்வை தேறியதும் செய்தி ஆனது. வாட்ஸப்பில் வருகிற அந்த வீடியோ பொய் இல்லை. ஆனால் அதை நம்பி இன்றைய களிம்பை விடாதீர்கள்.

முடி, தோல் எல்லாம் வெள்ளை. மூன்று மாதத்தில் கண் ஆடத் தொடங்கியது. குருடாகிவிடுமா?

ஆகாது. இது அல்பினிசம். நிறமி இல்லாததால் விழித்திரையின் நடுப்பகுதி முழுசாக வளராது, அதனால்தான் கண் ஆடுகிறது, கூர்மை குறைகிறது, வெளிச்சம் கூசுகிறது. பார்வை குறைவாக இருக்குமே தவிர நாளாக நாளாகப் போய்விடாது. கண்ணாடி, தொப்பி, பின்னாளில் வகுப்பில் முதல் பெஞ்ச், பெரிய எழுத்து, இவ்வளவும் இருந்தால் படிப்பு ஓடும். பார்வைக் குறைபாட்டின் அளவைப் பொறுத்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் கிடைக்கும்.

கொஞ்ச வெயிலுக்கே தோல் வெந்து, சின்ன வயதிலேயே முகமெல்லாம் புள்ளி விழுகிற குழந்தை வேறு வகை. அதற்குச் சூரிய ஒளிச் சேதத்தைச் சரிசெய்கிற சக்தி உடம்பில் இல்லை, இமையிலும் கண்ணிலும் புற்றுநோய்வரை போகும். அதற்குக் கண்ணாடியும் முகமூடிப் பாதுகாப்பும் முதல் நாளிலிருந்தே வேண்டும்.

கண்ணில் தாய்ப்பால் விடலாமா? மை வைக்கலாமா?

வேண்டாம், வேண்டாம். பால் குழந்தையின் வயிற்றுக்கு. காய்ந்த கருவிழியில் விட்டால் கிருமிக்குத் தீனி. மையில் ஈயம் கலந்திருக்கலாம், விரல் நகம் வேறு. திருஷ்டிக்கு என்றால் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போங்கள், நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். குளிப்பாட்ட வருகிற ஆயா எண்ணெய் தேய்த்துக் கண்ணை அழுத்திவிடுவார், முன்கூட்டியே சொல்லித் தடுத்துவிடுங்கள். சாம்பிராணிப் புகை முகத்துக்கு நேராகக் காட்டுவதும் வேண்டாம், எண்ணூர் மணலி பக்கத்துக் காற்றில் இருக்கிற தூசியே போதும்.

மருந்துக்கடையில் கண் சிவப்புக்குச் சொட்டு மருந்து தருகிறார்களே?

அதில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். இரண்டு நாளில் சிவப்பு போய்விடும், அதுதான் ஆபத்தே. தொடர்ந்து போட்டால் அழுத்தம் ஏறும், புரை விழும், புண் இருந்தால் பரவும். இமைமேல் தடவுகிற ஸ்டீராய்டு க்ரீமும் அப்படித்தான். செதிலை உரிக்கிற சாலிசிலிக் அமிலக் களிம்பைப் பெரியவர்களுக்கு எழுதினதை எடுத்துக் கைக்குழந்தைக்குத் தடவாதீர்கள், தோல் வழியாக உள்ளே போய் விஷமாகும்.

இவ்வளவு சின்னக் குழந்தைக்கு மயக்கம் கொடுத்துக் கண் பார்ப்பது அவசியமா?

எல்லோருக்கும் இல்லை. விழித்திரை மட்டும் என்றால் சொட்டுப் போட்டுக் கண்மணியை, அதாவது கருவிழி நடுவில் இருக்கிற கறுப்பு வட்டத்தை, விரிவாக்கி, துணியில் சுற்றிப் பிடித்து, விழித்திருக்கும்போதே பார்த்துவிடுவார்கள். இமையைப் பிடிக்க ஒரு சின்னக் கம்பி வைப்பார்கள், குழந்தை கத்தும், நீங்கள் வெளியே நிற்பது நல்லது. அழுத்தம் சரியாக அளக்க, லேசர் போட என்றால் மயக்கம் தேவைப்படலாம், இறுக்கமான தோல் உள்ள குழந்தைக்கு மயக்க டாக்டர் கூடுதல் கவனம் எடுப்பார்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தானா?

சிலவற்றில் ஆம். தாய்மாமன், அத்தை மகன் முறையில் கட்டும்போது இருவரிடமும் ஒரே பழுதான மரபணு மறைந்திருக்க வாய்ப்பு கூடுகிறது. கடுமையான இச்தியோசிஸ், அல்பினிசம், வெயில் தாங்காத அந்த நோய் எல்லாம் இப்படி வருபவை. இருவரிடமும் இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் 25 சதவீத வாய்ப்பு, முதல் குழந்தைக்கு வந்துவிட்டது, அடுத்ததுக்கு வராது என்ற கணக்கு இல்லை. முதல் குழந்தையின் மரபணுப் பரிசோதனையை அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே முடித்துவிட்டால், மூன்றாம் மாதத்திலேயே கருவைச் சோதிக்க வழி உண்டு. யார் பக்கத்துக் குறை என்று பஞ்சாயத்து வைக்காதீர்கள், இருவரிடமிருந்தும் பாதிப் பாதிதான்.

எங்கே போவது?

ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் தோல், கண், குழந்தைகள் மூன்று பிரிவும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, நம் பக்கத்துக்காரர்களுக்கு அதுதான் கிட்ட. அங்கிருந்து எழுதி அனுப்பினால் எழும்பூர் கண் ஆஸ்பத்திரி, 1819-ல் தொடங்கியது. குழந்தைகள் ஆஸ்பத்திரியும் எழும்பூரில்தான், ஒரே நாளில் இரண்டையும் முடிக்கலாம். விம்கோ நகர், திருவொற்றியூரிலிருந்து மெட்ரோவில் வந்தால் சென்ட்ரலில் மாறி எழும்பூர், வெயிலும் தூசியும் இல்லாமல் போகலாம், இந்தக் குழந்தைகளுக்கு ஷேர் ஆட்டோவைவிட அது எவ்வளவோ மேல். பிரசவ ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டு, பிறந்த அன்று எடுத்த போட்டோ, இப்போது போடுகிற எல்லா ட்யூபும் பையில் இருக்கட்டும்.

எப்போது காத்திருக்கவே கூடாது?

கண்மணியில் வெள்ளை தெரிந்தால், கருவிழியில் வெண்புள்ளி விழுந்தால், சீழ் வடிந்தால், ஒரு நாள் முழுக்கக் கண்ணைத் திறக்காவிட்டால் அன்றைக்கே போங்கள், ராத்திரி என்றாலும் சரி. மூன்று மாதமாகியும் உங்கள் முகத்தைப் பார்த்துக் கண் நகரவில்லை என்றால் அந்த வாரத்துக்குள்.

ஆறு மாதக் குழந்தைக்குக் கண்ணாடி போட முடியுமா?

முடியும். மிருதுவான ஃபிரேம், பின்னால் எலாஸ்டிக் பட்டை. கொப்புள நோய் இருந்தால் மூக்கிலும் காதுக்குப் பின்னாலும் உரசாதபடி மெத்தென்ற சிலிக்கான் வைத்துத் தரச் சொல்லுங்கள். முதல் சில நாள் பிடுங்கிப் போடும், நீங்களும் திரும்பப் போடுங்கள். தெளிவாகத் தெரிகிறது என்று பிடிபட்டதும் தானே விட்டுவிடும்.